மூன்று காலப் பகுப்பு: எதற்கு உதவும், எங்கே இடறும்

வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் சந்திப்பது ஓர் அட்டவணையைத்தான். பழைய கற்காலம், இடைக் கற்காலம், புதிய கற்காலம், செம்புக் காலம், இரும்புக் காலம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மழைக்காலம், வெயில்காலம் போல இயற்கையே வகுத்துக் கொடுத்த பிரிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதன் வேரான கல், வெண்கலம், இரும்பு என்ற மூன்று காலப் பகுப்பு ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்க்க மனிதர்கள் வகுத்தது. அந்தச் சிக்கல் என்ன என்று தெரிந்தால், இந்தப் பகுப்பை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது தானாகவே விளங்கும்.

டென்மார்க்கில் 1807-ல் தொல்பொருள்களைக் காப்பதற்கென்று ஓர் ஆணையம் அமைத்தார்கள். உழும்போது கிடைத்தவை, புதைமேட்டைத் தோண்டியபோது கிடைத்தவை, சதுப்பு நிலத்தில் அகப்பட்டவை என்று நாடெங்கிலுமிருந்து பொருள்கள் கோபன்ஹேகனுக்கு வந்து, டிரினிடாடிஸ் தேவாலயத்தின் மேல்தளத்தில் குவிந்தன. கல் கோடரி, வெண்கல வாள், துருவேறிய இரும்பு, அம்பர் மணி எல்லாம் ஒரே குவியல். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வழியில்லை. அவற்றில் எழுத்தும் இல்லை, அரசர் பெயரும் இல்லை. 1816-ல் இந்தக் குவியலை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு கிறிஸ்டியன் யூர்கென்சன் தாம்சனிடம் வந்தது. வணிகக் குடும்பத்துப் பிள்ளை. நாணயம் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கண் அவருக்கு.

முதலில் கல், பிறகு வெண்கலம், பிறகு இரும்பு என்ற எண்ணம் தாம்சனுக்கு முன்பே உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரிக் கவி லுக்ரீஷியஸ் இப்படி ஊகித்திருந்தார். தாம்சன் செய்தது ஊகம் அல்ல. ஒரே கல்லறையில், ஒரே புதையலில் சேர்ந்து கிடைத்த பொருள்களைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இந்த வடிவ வாளோடு இந்த வகைச் சித்திர வேலைப்பாடு எப்போதும் வருகிறது, அந்த வகைப் பானை ஒருபோதும் வருவதில்லை என்று கூட்டாளிகளை வைத்தே காலத்தைப் பிரித்தார். வெண்கலம் இரும்புக் காலத்திலும் அணிகலனாகத் தொடர்கிறது, அதனால் வெறும் உலோகத்தைப் பார்த்துக் காலம் சொல்லக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1836-ல் வெளிவந்த அவருடைய அருங்காட்சியக வழிகாட்டி நூல் இந்தப் பகுப்பை உலகுக்குக் கொண்டுபோனது. பின்னால் வந்தவர்கள் அவருடைய மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து கிடைத்ததைச் சேர்த்தே பார்க்கும் பொறுமையைப் பலரும் விட்டுவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரியது. தாம்சனின் வரிசை மண்ணில் சோதித்துப் பார்க்கத் தக்கது. அவருக்குப் பின் வந்த வொர்சே டென்மார்க்கின் புதைமேடுகளை அகழ்ந்து, கல்லுக்கு மேலே வெண்கலம், அதற்கும் மேலே இரும்பு என்று மண்ணடுக்கே சாட்சி சொல்வதைக் காட்டினார். அருங்காட்சியக அலமாரியில் அடுக்கிய வரிசை பூமிக்குள்ளும் அதே வரிசையில் இருந்தது. உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்ற ஆயர் அஷரின் கணக்கை ஐரோப்பாவில் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. எழுத்து இல்லாத மக்களுக்கும் முன்-பின் கொண்ட ஒரு வரலாறு உண்டு என்று நிறுவ இதைவிட எளிய கருவி அன்றைக்கு வேறு இல்லை.

அந்தக் கருவி எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதற்குப் பல்லாவரம் சாட்சி. 1859-ல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் பிரான்சின் சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளைப் பார்வையிட்டு, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கிடைக்கும் கற்கருவிகள் மனிதக் கைவேலைதான் என்று உறுதி செய்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கைக்கோடரியை எடுத்தார். அதே கல்லை அதற்கு முன் எத்தனையோ பேர் கூடையில் அள்ளிச் சாலைக்குக் கொட்டியிருப்பார்கள். அது என்ன என்று கேட்க ஒரு சட்டகம் ஃபூட்டிடம் இருந்தது, அதனால் அது அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவின் குழு நடத்திய அகழாய்வு, கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் காட்டியது. அங்கேயே, மேலடுக்குகளில், கைக்கோடரி குறைந்து, தயார்செய்த கருக்கல்லிலிருந்து சில்லு பெயர்க்கும் இடைப் பழைய கற்கால நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டுவதாக 2018-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் அந்த நுட்பம் மிகவும் பிந்தி வந்தது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. ஒரே இடம், மேலும் கீழுமான அடுக்குகள், கருவி வகையின் மாற்றம். இந்த அளவில் வைத்துப் பயன்படுத்தும்போது கற்காலப் பகுப்பு இன்றைக்கும் கூர் மழுங்காத கருவி.

சிக்கல் எங்கே வருகிறது? முதல் குறை, அழியாமல் மிஞ்சியதற்கே மகுடம் சூட்டுவது.

1991-ல் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி-ஆஸ்திரிய எல்லையருகே பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். வாழ்ந்து 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவனிடம் ஒரு செம்புக் கோடரி இருந்தது. அதனால் அவன் செம்புக் காலத்து மனிதன். சரி, அவனிடம் வேறு என்னென்ன இருந்தன? கோடரிக்கு யூ மரக் காம்பு. முழுதாகச் செதுக்கி முடிக்காத, அவன் உயரத்தை மிஞ்சும் ஒரு வில். தோல் அம்பறாத்தூணியில் 14 அம்புகள், அவற்றில் இரண்டுதான் எய்யத் தயாரானவை. மரப்பிடி போட்ட ஒரு சிறு கல் கத்தி. ஆட்டுத்தோல் மேலாடை, கரடித்தோல் தொப்பி, புல்லால் பின்னிய பாய் போன்ற ஒன்று. பிர்ச் மரப்பட்டையில் செய்த டப்பா. அதற்குள் பச்சை இலையில் பொதிந்து நெருப்புத் துண்டு கொண்டுபோயிருக்கிறான். அவன் உயிரைக் குடித்ததும் செம்பு அல்ல, இடது தோளில் பாய்ந்த கல் அம்புமுனை.

இதே மனிதன் பனியில் அல்லாமல் சாதாரண மண்ணில் விழுந்திருந்தால் நம் கைக்கு வந்திருப்பது கோடரியின் அலகும் நான்கைந்து கற்துண்டுகளும்தான். ஒரு நாள் முழுவதும் அவன் கை பழகியதில் பெரும்பகுதி மரம், தோல், நார், புல். ஜெர்மனியின் ஷோனிங்கனில் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமையான மர ஈட்டிகள் தற்செயலாகக் கெடாமல் கிடைத்தன. கற்காலம் என்று நாம் சொல்லும் நெடும்பொழுதில் மரவேலை எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தது என்பதற்கு அந்தச் சில ஈட்டிகளே அரிய சான்று. கயிறு முறுக்கியவர், வலை பின்னியவர், கூடை முடைந்தவர், தோல் பதப்படுத்தியவர் எல்லாரும் அட்டவணைக்கு வெளியே நிற்கிறார்கள். இந்த வேலைகளில் பெண்களின் பங்கு பெரிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணினால், பகுப்பு யாரை மறைக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 1865-ல் ஜான் லபக் கற்காலத்தைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்தார். புதியதற்கு அடையாளம் தேய்த்து மெருகேற்றிய கோடரி. நாளடைவில் அந்தப் பெயரின்மேல் வேளாண்மை, மட்பாண்டம், நிலைத்த குடியிருப்பு, கால்நடை என்று ஒவ்வொன்றாக ஏற்றிவைத்தார்கள். இவையெல்லாம் ஒரே மூட்டையாகத்தான் வரும் என்ற எண்ணம் வேரூன்றியது. மண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எரிகோவில் கேத்லீன் கென்யன் 1950-களில் அகழ்ந்தபோது கி.மு. 8000-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த, 8 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒரு கற்கோபுரம் நின்றது. ஒரு சட்டிகூட இல்லை. ஜப்பானின் ஜோமோன் மக்களோ பயிர்த்தொழில் தெரியாமலே பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பானை வனைந்தார்கள். துருக்கியின் கோபெக்லி தெபேயில் கிளாஸ் ஷ்மிட் 1995 முதல் தோண்டியெடுத்த, ஐந்து மீட்டரைத் தாண்டும் தூண்களை கி.மு. 9500-ஐ ஒட்டி நிறுத்தியவர்கள் வேட்டையாடியும் காட்டுத் தானியம் திரட்டியும் வாழ்ந்தவர்கள். பெரு நாட்டின் காரல் கி.மு. 2600 அளவில் மேடைக் கோயில்கள் கட்டிய பேரூர். பருத்தி விளைந்தது, கடற்கரையிலிருந்து நெத்திலி வந்தது, மட்பாண்டம் வரவில்லை. மூட்டை ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாக அவிழ்கிறது.

இந்த இடத்தில் கார்டன் சைல்டுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்தத் தொல்லியலாளர் 1936-ல் எழுதிய நூலில், கருவி எந்தப் பொருளால் ஆனது என்பதைத் தாண்டி, அந்தக் கருவியைக் கொண்டு மக்கள் எப்படிச் சோறு தேடினார்கள், உபரியை யார் கைப்பற்றினார்கள் என்று கேட்டார். புதிய கற்காலப் புரட்சி, நகரப் புரட்சி என்ற இரண்டு கருத்துகளும் அவர் கொடை. தாம்சனின் அட்டவணைக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான் என்பேன். ஆனால் 1950-ல் நகரத்துக்கு அவர் வகுத்த பத்து அடையாளங்கள் நாளாவட்டத்தில் சரிபார்க்கும் பட்டியலாகிவிட்டன. எழுத்து இருக்கிறதா, பெருங்கட்டடம் இருக்கிறதா, ஆளும் வர்க்கம் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டே போகும் பழக்கம் வந்தது. எழுத்து இல்லாமல் முடிச்சுக் கயிற்றில் கணக்கு வைத்து ஒரு பேரரசையே ஆண்ட இன்காக்கள் அந்தப் பட்டியலில் எங்கே நிற்பார்கள்?

சிந்துவெளி இதைவிடப் பெரிய சோதனை. அரண்மனை என்று ஐயமில்லாமல் சுட்டக்கூடிய ஒன்று மொகஞ்சதாரோவில் இல்லை. எகிப்திலும் மெசபொத்தேமியாவின் ஊர் என்ற நகரிலும் கிடைத்ததைப் போன்ற அரச கல்லறையும் இல்லை. எழுத்து உண்டு, படிக்கத் தெரியவில்லை. வெண்கலக் கால நாகரிகம் என்றே எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அந்த நகரவாசியின் வீட்டில் என்ன இருந்தது என்று பார்த்தால், சிந்து மாநிலத்து ரோரி குன்றுகளின் செர்ட் கல்லில் பெயர்த்த நீண்ட, மெல்லிய, இணையான ஓரங்கள் கொண்ட கல் அலகுகள் ஏராளமாகக் கிடக்கின்றன. அந்தக் குன்றுகளில் பட்டறை பட்டறையாக வேலை நடந்திருக்கிறது. குஜராத்தின் லோதல், தோலாவிரா வரை அந்தக் கல் போயிருக்கிறது. வணிகத்தின் உயிர்நாடியான கனசதுர எடைக்கற்களும் பெரும்பாலும் செர்ட்தான், சுமார் 13.6 கிராம் என்ற அலகு ஊர்விட்டு ஊர் பிசகாமல் வருகிறது. சிறு கருக்கற்களிலிருந்து செம்பு முனை பொருத்திய கருவியால் அழுத்தி அலகு பெயர்த்ததற்கும் தடயம் உண்டு. உலோகம் அங்கே கல்லைத் துரத்திவிடவில்லை. கல்வேலையை இன்னும் நேர்த்தியாக்கியிருக்கிறது. வெண்கலக் காலம் என்ற தலைப்பைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த உறவு கண்ணில் படாது. எனக்கோ அந்த நாகரிகத்தின் தனித்தன்மை இந்த உறவில்தான் இருக்கிறது.

மூன்றாவது குறையைக் குறை என்பதைவிடத் தீங்கு என்று சொல்வதே பொருத்தம். லபக்கின் நூல் பண்டைய எச்சங்களை விளக்க, அன்று உயிரோடிருந்த பழங்குடி மக்களின் பழக்கங்களை உதாரணம் காட்டியது. தலைப்பிலேயே அவர்களை இழிவாகக் குறிப்பிட்டது. அதோடு பொருள்களின் வரிசை மனிதர்களின் ஏணியாக மாறியது. ஐரோப்பியர் உச்சிப்படியில், டாஸ்மேனியரும் அந்தமானியரும் கீழ்ப்படியில். கீழ்ப்படியில் இருப்பவர் அழிவது இயற்கை நியதி என்று குடியேற்ற ஆட்சிகள் சொல்லிக்கொள்ள இந்த ஏணி வசதியாக இருந்தது. சென்டினல் தீவு மக்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கற்கால மனிதர்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவர்கள் கரைதட்டிய கப்பல்களின் இரும்பை எடுத்துத் தட்டிக் கூராக்கி அம்புமுனை செய்பவர்கள். தங்கள் காட்டையும் கடலையும் அறிந்து இந்த நூற்றாண்டில் நம்மோடு வாழ்பவர்கள். அவர்களைக் காலத்தில் பின்னால் தள்ளுவது ஆய்வுப் பிழை மட்டும் அல்ல, அவர்கள் உரிமையைப் பறிக்கும் முதல் வேலை.

தென்னிந்தியாவுக்கு வந்தால் அட்டவணை இன்னும் தள்ளாடுகிறது. கர்நாடகம், ஆந்திரம், வடதமிழகம் ஆகிய பகுதிகளில் மெருகேற்றிய கல் கோடரிக்காரர்களுக்குப் பின் நேராக இரும்பு வருகிறது. செம்பு அங்கங்கே தென்பட்டாலும் அதை ஒரு தனிக்காலம் என்று சொல்ல முடிவதில்லை. அந்தக் கல் கோடரிக்காரர்களின் பெரும் நினைவுச்சின்னம் கோடரியும் அல்ல, சாம்பல் மேடுகள். பட்டிகளில் மாட்டுச் சாணத்தை மலைபோலக் குவித்து, மீண்டும் மீண்டும் எரித்ததால் உண்டானவை. உட்நூரில் ஆல்சின் அகழ்ந்தபோது அடுக்குகளுக்கிடையில் மாட்டுக் குளம்படிகள் பதிந்தபடியே கிடைத்தன. இந்த மக்களைக் கல்லை வைத்து அழைப்பதா, மாட்டை வைத்து அழைப்பதா? நான் மாட்டின் பக்கம்.

ஆதிச்சநல்லூர் இன்னொரு முடிச்சு. அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன் அகழ்ந்தெடுத்தவற்றில் இரும்பு ஆயுதங்களும், நுட்பமான வெண்கலக் கலங்களும், பொன் நெற்றிப்பட்டங்களும் உண்டு. இருபது விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளீயம் சேர்த்த, காய்ச்சித் தட்டி, தணித்துச் செய்யும் கடினமான வெண்கல வேலை அது. தாம்சனின் வரிசைப்படி முடிந்துபோயிருக்க வேண்டிய வெண்கலம் இங்கே இரும்போடு கைகோத்து வருகிறது. இரும்புத் தாது தமிழகத்தில் எளிதில் கிடைக்கும். சேலத்துக் கஞ்சமலை ஒன்று போதும். வெண்கலத்துக்கோ இரண்டு உலோகங்களை வெவ்வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எந்த உலோகம் முந்துகிறது என்பதைக் காலத்தின் விதி தீர்மானிப்பதில்லை, கைக்கெட்டும் தாதும் வணிகத் தொடர்புமே தீர்மானிக்கின்றன.

இதை மனத்தில் வைத்துத்தான் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து வந்த இரும்புச் செய்தியைப் படிக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை ஈமத்தாழிகளை ஒட்டிக் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு கி.மு. 3345 வரை போனது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள். இது எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல. அதே நேரம், கரித்துண்டின் வயது என்பது மரம் வளர்ந்த காலத்தின் வயது. நெடுநாள் வாழ்ந்த மரமோ பழைய மரமோ எரிந்திருந்தால் அது பொருளின் வயதைக் கூட்டிக் காட்டும். அதனால் ஒவ்வொரு மாதிரியும் எந்தத் தாழியில், எந்த ஆழத்தில், எந்த இரும்போடு தொட்டுக் கிடந்தது என்பதைச் சக அறிஞர்கள் நிதானமாக அலச வேண்டும். நடந்தது வேறு. வடக்கே செம்புக் காலம் நடந்தபோது தெற்கே இரும்புக் காலம் என்ற வாக்கியம் மேடைக்கு மேடை ஒலித்தது. தமிழன் முந்திவிட்டான் என்று ஒரு பக்கம், நம்ப முடியாது என்று மறுபக்கம். இரண்டு தரப்பும் லபக்கின் ஏணியில் நின்றுகொண்டுதான் சண்டை போடுகின்றன. ஏணியில் மேல்படி பிடித்துவிட்டதாக மகிழ்வது, நம்மை ஒரு காலத்தில் கீழ்ப்படியில் நிறுத்திய அதே கணக்கை ஏற்றுக்கொள்வதாகும். இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் சிவகளை தரும் உண்மையான பரிசு வேறு. அந்த ஆண்டுகள் நிலைத்தால், இரும்பு ஒரே இடத்தில் பிறந்து எங்கும் பரவியது என்ற பழைய கதை உடையும். வெண்கலத்தின் தோளில் ஏறித்தான் இரும்பு வர வேண்டும் என்பதும் உடையும். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் வெண்கலக் காலம் என்ற ஒன்று இல்லாமலே இரும்பு வந்தது. தென்னிந்தியா அந்த வரிசையில் இன்னொரு வலுவான சான்றாகும்.

ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்தவர்கள் இந்த இக்கட்டை முன்பே உணர்ந்தார்கள். 1929-ல் குட்வின், வான் ரீட் லோ இருவரும் ஐரோப்பியப் பெயர்களை விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்கக் கற்காலத்தை அந்த மண்ணின் கருவிகளை வைத்தே முற்பகுதி, நடுப்பகுதி, பிற்பகுதி என்று வகுத்தார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு வில்லியும் பிலிப்ஸும் 1958-ல் தனி வரிசை அமைத்தார்கள். உலோகக் கத்தி இல்லாமல் அப்சிடியன் கண்ணாடிக் கல்லால் வெட்டி வாழ்ந்த மாயாக்களின் மாநகரங்களைக் கற்காலத்தில் அடைக்க யாருக்கு மனம் வரும்? நம் பக்கத்தில் அப்படி ஒரு துணிவு குறைவு. இலங்கையின் ஃபா ஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கும் முந்திய நுண்கற்கருவிகள் கிடைத்த பிறகும், நுண்கற்கருவி என்றால் இடைக் கற்காலம், இடைக் கற்காலம் என்றால் பனியுகம் முடிந்த பிறகு என்று பல கையேடுகள் எழுதிக்கொண்டிருக்கின்றன.

பெயர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. 1949-ல் லிபி கரிமக் காலக்கணிப்பைக் கொண்டுவந்த பிறகு அது முடியாத காரியம் அல்ல. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களத்தில் எடுக்கும் கல்லில் நூற்றில் ஒன்றுகூட ஆய்வகத்துக்குப் போவதில்லை. மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் கருவிகளுக்குக் கரியும் இல்லை, அடுக்கும் இல்லை. அங்கே கருவியின் வகைதான் முதல் துப்பு. ஒரு வட்டாரத்துக்குள், ஒரு மண்ணடுக்குக்குள் முன்-பின் சொல்லும் வேலைக்குப் பழைய பெயர்கள் இருக்கட்டும். இரண்டு நாடுகளை ஒப்பிடும் இடத்தில் பெயரை விட்டு ஆண்டைச் சொல்லலாம். மக்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர்கள் என்ன தின்றார்கள், எதை வளர்த்தார்கள், யாரோடு பண்டம் மாற்றினார்கள் என்பதைச் சொல்லலாம்.

சிவகளைக்கும் இதே வரிசையில் அடுத்த வேலை காத்திருக்கிறது. இதுவரை பேசியவை பெரும்பாலும் தாழிகள். இறந்தவரோடு வைத்த இரும்பு. அதை உருக்கிய உலை எங்கே, கசடு எங்கே கொட்டினார்கள், தாது எந்தக் குன்றிலிருந்து வந்தது, அந்த உலைக்குக் கரி சுட எவ்வளவு காடு அழிந்தது, அவர்கள் வயலில் என்ன விளைந்தது என்பதற்கு வாழ்விடப் பகுதிகளைத்தான் அகழ வேண்டும். பொருநைக் கரையில் அதற்கு இடம் இன்னும் நிறைய இருக்கிறது.